மடியில ஒரு பூசணிக்காய்

சித்த அக்கட்டால தள்ளி உக்காரு கண்ணு. இந்தக் கையில ஆரும் இடிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. காறை எலும்புங்கறாங்க, இவத்த, கழுத்துக்குக் கீழ. இத்தன வயசு வரைக்கும் அப்படி ஒரு எலும்பு எனக்கு இருக்குதுன்னே தெரியாது. ஒடைஞ்ச பொறகுதான் தெரிஞ்சுது. முன்பல்லும் ரெண்டு போயிருச்சு, அதனால பேசறது காத்தாட்டம் வரும். புரியலீன்னா மறுக்காக் கேளு. எனக்குச் சொல்றதுல ஒண்ணும் சலிப்பில்ல.

உன்ற புள்ளையா? எத்தன மாசம்? எட்டா? எட்டு மாசத்துக்கு நல்ல ஒடம்பு. பொட்டு இத்துனூண்டு வெச்சிருக்கறியே, பெருசா வெய்யி. ஆசுபத்திரியில வந்து உக்காந்திருக்கறவங்களுக்கு வேற என்ன வேல, அடுத்தவங்க புள்ளையப் பாக்கறதுதான். மாமியா உள்ள இருக்கறாங்களா? முட்டி வலியா? எல்லாருக்கும் முட்டிதான். ஊட்டுக்காரரு? வெளிய கார்லயே உக்காந்திருக்கறாரா? அதுவும் சரிதான், ஆம்பளைங்களுக்கு ஆசுபத்திரி வாசம் ஆகாது.

எப்படி அடிபட்டுச்சுன்னு நீ கேக்கல. கேக்காட்டிப் போ, நானே சொல்றேன். டோக்கன் கூப்பிட இன்னும் நேரமாகும். என்ற மருமவளும் பேத்தியக் கூட்டிக்கிட்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கறா. அவ வாரதுக்குள்ள சொன்னாத்தான் உண்டு. அவ இருந்தா நடுவுல நடுவுல "அப்படியில்லீங்கத்தை"ம்பா.

எல்லாம் ஒரு நாற்காலியால வந்துது கண்ணு.

நாற்காலின்னா ஊட்டுல இருக்கற நாற்காலி இல்ல. காருக்குள்ள ஏற்கெனவே சீட்டு இருக்குதல்லோ? அந்தச் சீட்டு மேல இன்னொரு சீட்டு. புள்ளைக்கு. அதுல இந்தத் தோளுக்கு ஒரு பட்டை, அந்தத் தோளுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ரெண்டு, காலுக்கு நடுவுல ஒண்ணு. எல்லாத்தையும் கொண்டாந்து வயித்துல ஒரு பூட்டு. ஜெயில்ல கூட ஆள இப்படிப் பூட்ட மாட்டாங்க. இத ஆரு கண்டுபுடிச்சிருப்பாங்கன்னு நெனக்கறே? மடியே இல்லாத ஊருல ஆரோ கண்டுபுடிச்சிருக்கறாங்க. இல்லீன்னா இப்படி ஒரு யோசனை வருமா?

என்ற மருமவ பேரு தாரணி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல. கைக்கொழந்தைகளுக்குத் துணி தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி. அவத்த இவ என்ன பண்றாங்கறே? சட்டையில இருக்கற பொத்தான மிசின்ல மாட்டி இழுத்துப் பாக்கறா. அந்த ஊருப் புள்ளைங்க பிச்சு வாயில போட்டுக்குமாம். இழுத்த இழுப்புக்குப் பிச்சுக்காத பொத்தான்தான் கப்பல் ஏறுமாம். "பொத்தான இழுக்கறதுக்கு ஒரு மிசினா? எங்கிட்டக் குடு அம்மிணி, நான் பல்லுல கடிச்சு இழுத்துத் தாரேன்"னு சொன்னேன். அப்பப் பல்லு இருந்துச்சு.

பேத்தி ஒருத்திதான். மாசம் நெறையறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. இந்த உள்ளங்கைக்குள்ள அடங்குவா, அத்தனூண்டு. நறுமுகைன்னு பேரு வெச்சிருக்கறாங்க. எனக்கு வாயில நொழையல, மயிலுன்னுதான் கூப்படறது. என்ற பேரு மயிலாத்தா. அதுக்காக இல்ல, சுருக்கமா இருக்குதுன்னு.

பொறந்த கையோட கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. ஒரு மாசத்துக்கும் மேல. அது உள்ள கெடக்குது, நான் வெளிய நிக்கறேன். தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, பேசுனாக் கேக்காது. "ஒரே ஒரு தடவ மடியில போடு சாமி, என்ற சூடு பட்டாத் தேறிருவா"ன்னு நர்சுப் புள்ளைகிட்டக் கெஞ்சறேன். அவ சொல்றா, "ஆத்தா, பொட்டிக்குள்ள இருக்கறதாலதான் இந்தப் புள்ள இருக்குது"ன்னு. வாய்த்துடுக்கு. அவளும் ஒருநா புள்ள பெறுவாளல்லோ, அப்பத் தெரியும்.

அன்னிக்கு அந்தக் கண்ணாடியப் புடிச்சுக்கிட்டு எங்க கொலதெய்வம் கருப்பராயனுக்கு வேண்டிக்கிட்டேன். "அப்பா, இந்தப் பொட்டிய உட்டு எடுத்து என்ற மடியில போட்டுரு. மொத மொட்டை உனக்குத்தான். எங்கூட்டு வாசல்ல இருந்து உன்ற வாசல் வரைக்கும் வழியில எவத்தயும் எறக்காம என்ற மடியிலயே கொண்டாந்து சேக்கறேன்"னு.

அவன் கேட்டான். பொட்டியில இருந்து எடுத்தாங்க. எடுத்து எங்கிட்டக் குடுத்தாங்களா? கார்ல ஒரு சின்ன நாற்காலி, தொட்டியாட்டம், பின்னாடி பாத்து வெச்சிருக்குது. அதுல போட்டுப் பூட்டி ஊட்டுக்குக் கொண்டாந்தா தாரணி. ஒரு பொட்டியில இருந்து எடுத்து இன்னொரு பொட்டியில! வழி பூரா நான் பக்கத்துல வெறும் மடியோட உக்காந்துட்டு வாரேன்.

அப்பறம் புள்ள வளந்துச்சு, தொட்டி பத்தல, பெருசா ஒண்ணு வாங்குனாங்க. சின்னது சும்மாத்தான கெடக்குதுன்னு நான் எடுத்து சின்ன வெங்காயம் போட்டு வெச்சிருக்கறேன். அதுக்கு நெம்ப வாகா இருக்குது. ஒரு வெங்காயம் அழுகல.

சட்டமாம் கண்ணு. கேட்டா அதத்தான் சொல்லுவா. புள்ளைங்கள பட்டை போட்டோ நாற்காலியில வெச்சோதான் கூட்டிட்டுப் போகோணுமாம், இல்லீன்னா ஓட்டறவங்களுக்கு அபராதமாம். பின்னாடி உக்கார்ற பெருசுகளும் பட்டை போடோணுமாம். "எங்களுக்கெல்லாம் ஆரு பட்டை போட்டாங்க? நாங்க வளரலையா?"ன்னு கேட்டேன்.

எங்கூட்டுக்காரரு அம்பாசிடர் பிளசர் காரு வெச்சிருந்தாரு. ஒருக்கா ஒரு கல்யாணத்துக்குப் போறோம். முன்னாடியே அஞ்சு பேரு. அவரு கதவோட ஒட்டிக்கிட்டு, பாதி ஒடம்ப சன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஓட்டறாரு. பின்னாடி எத்தனை பேருன்னு ஆரு எண்ணுனா, மடி மேல மடி. என்ற நாத்தனா மவன் நாச்சிமுத்து, சின்னப் பையன், கதவோரமா நின்னுட்டு வந்தான். ஊதியூர்கிட்ட வளைவுல கதவு தொறந்துக்கிச்சு, பையன் வெளிய போயிட்டான். நாங்க பாக்கவே இல்ல! கல்யாண ஊட்டுல போயி எறங்கி, பலகாரம் குடுக்கறப்பத்தான் ஒரு வாய் கொறையுது. திரும்பிப் போயிப் பாத்தா ரோட்டோரத்துல ஒரு வேப்பமரத்தடியில ஆரோ படுக்க வெச்சிருக்கறாங்க. ஒண்ணும் ஆகல. இன்னிக்கும் கல்லாட்டம் இருக்கறான். என்ன, ஒரு காது கேக்காது. ஆளுங்க பேரு நெனப்பு இருக்காது. கல்யாணம் அமையல. மத்தபடி ஒரு கொறை சொல்ல முடியாது. இதச் சொன்னேன். தாரணி எந்திரிச்சுப் போயி நாற்காலிப் பட்டைய இன்னொருக்கா இழுத்துப் பாத்தா.

என்ற மவன் சென்னியப்பன் அப்படியே அவங்கப்பன். பட்டை போடாட்டி காரு டிங்கு டிங்குன்னு கத்துமல்லோ? அத அடக்கறதுக்கு ஒரு கொக்கி விக்கறாங்க. பட்டை கெடையாது, வெறும் கொக்கி. ஓட்டையில சொருகிட்டா, பாவம், காரு நம்பிக்கும். இவன் முருகர் படம் போட்ட கொக்கியா பாத்து வாங்குனான். "அம்மா, காருக்கே காது குத்திட்டேன்"னு அப்படிச் சிரிச்சான். தாரணி அதப் புடுங்கிக் குப்பையில போட்டுட்டா. முருகனப் போயிக் குப்பையில போடலாமா? நான் எடுத்துக் கழுவி சாமி ரூம்புல வெச்சிருக்கறேன். தெனமும் ஒரு பூ வெக்கறேன்.

சரி, கதைக்கு வாரேன். மயிலுக்கு மூணாவது வயசு நடக்குது. கருப்பராயன் கோயில்ல மொட்டை, காதுகுத்து, கெடா வெட்டுன்னு நாள் குறிச்சாச்சு. மொட்டை அடிக்கறப்பத் தாய்மாமன் மடி. அது அவங்க உரிமை, நான் தலையிடல. ஆனா போற வழி என்ற மடி.

கெடாய விடியக்காலம் லோடு ஆட்டோவுல ஏத்தி உட்டோம். நானே நின்னு கட்டுனேன். கொம்புக்கு ஒரு கவுறு, வயித்துக்கு ஒரு கவுறு, ரெண்டையும் கம்பியோட சேத்து முடிச்சு. அடியில வைக்கல் பரப்பி. வழியில குலுங்கி ஒரு காலு ஒடைஞ்சாலும் சாமிக்கு ஆகாது பாரு. "பையப் போப்பா, உசுரு இருக்குது"ன்னு டிரைவர்கிட்டச் சொல்லி அனுப்பிட்டுத் திரும்பறேன், தாரணி கார்ல நாற்காலிய வெச்சு முட்டி போட்டு அமுத்திக்கிட்டு இருக்கறா.

"இன்னிக்கு அது எதுக்கு அம்மிணி? இன்னிக்கு என்ற மடி."

"எறங்குனதுக்கப்பறம் பூரா உங்க மடிதானுங்கத்தை. வண்டி ஓடறப்ப இது."

"வேண்டுதல் இருக்குது."

"எனக்குத் தெரியாதுங்களா? நானும் அந்தக் கண்ணாடிக்கு வெளியதான நின்னேன்."

"சாமி காரியத்துக்குப் போறோம். சாமி பாத்துக்குவான்."

"அப்பறம் கெடாய எதுக்குங்கத்தை அத்தன கவுறு போட்டுக் கட்டுனீங்க? அதுவும் சாமி காரியத்துக்குத்தான போகுது?"

பாரு கேள்விய! ஆடும் புள்ளையும் ஒண்ணா? ஆட்டுக்கு நின்னுக்கத் தெரியாது, புடிச்சுக்கத் தெரியாது, அதக் கட்டித்தான் ஆகோணும். புள்ளைக்கு நான் இருக்கறேன். "இந்தக் கையி எருமையப் புடிச்சு நிறுத்துன கையி. இதுல இருந்து எம்பேத்தி நழுவிருவாளா?"ன்னு கேட்டேன்.

"ஊரார் புள்ளைக்குப் பொத்தானக் கூட இழுத்துப் பாத்துத்தான் அனுப்பறேன். என்ற புள்ளைய இழுத்துப் பாக்காத கையில எப்படிங்கத்தை குடுக்கறது?"ங்கறா.

நான் போயி வாசப்படியில உக்காந்துட்டேன். "அந்த நாற்காலி வந்தா நான் வரல." அவ கார் கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கறா. "அது இல்லீன்னா நானும் வரல, புள்ளையும் வரல." சென்னியப்பன் சாவியச் சுத்திக்கிட்டு ஆகாசத்தப் பாக்கறான். கல்யாணமான ஆம்பளைங்களுக்கு ஊட்டுல சண்டைன்னா ஆகாசத்துல என்னமோ தெரியுது. உன்ற ஊட்டுக்காரரும் பாப்பாரா? பாப்பாரு, பாப்பாரு.

நேரமாச்சு. கடைசியில அவன்தான் கோயில் பூசாரிக்குப் போனப் போட்டான். பூசாரி அவத்தயிருந்து கத்தறாரு, "புள்ள வராமப் போனாத்தான் குத்தம். ஆத்தாவோட மடி வெறுமையா வரக்கூடாது, அவ்வளவுதான். புள்ளைக்குப் பதுலா புள்ள கனத்துக்கு எதையாச்சும் மடியில வெச்சுக்கிட்டு வாங்க, கருப்பராயன் ஏத்துக்குவான். வெரசா வாங்க, கெடா கத்திக்கிட்டே இருக்குது."

திருஷ்டி சுத்தி ஒடைக்கறதுக்கு ஒரு வெள்ளப் பூசணி வாங்கி வெச்சிருந்தோம். நல்ல பெருசு. சென்னியப்பன் ஒரு கையில மயிலயும் ஒரு கையில காயையும் தூக்கிப் பாத்தான். "கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. காயி அழாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்"னான். சரி, சாமி உத்தரவு. மயிலு பொறந்தப்பப் போத்துன பூத்துண்டு ஒண்ணு பத்தரமா வெச்சிருந்தேன். அதுல காயச் சுத்தி மடியில வெச்சுக்கிட்டேன். மயிலு வந்து பாத்துட்டு "பாப்பா"ன்னா. அவளே மையத் தொட்டு அதுக்கு ஒரு பொட்டு வெச்சு, ஒரு முத்தமும் குடுத்தா.

ஏறி உக்காந்தாச்சு. மயிலு நாற்காலியில, பக்கத்துல நான். தாரணி முன்னாடி. "நீங்களாச்சும் பட்டையப் போடுங்கத்தை"ங்கறா. "பட்டையப் போட்டா மடி எங்க இருக்கும், காயி எங்க இருக்கும்? இத பாரு அம்மிணி, கோயில் போற வரைக்கும் இந்தக் காயி என்ற கைய உட்டு ஒரு சாண் அசையாது. அசையாமக் கொண்டுபோயி எறக்கிட்டேன்னா, திரும்பி வாரப்ப மயிலு என்ற மடியில. சரியா?"

"சரிங்கத்தை"ன்னு சிரிச்சா. பந்தயம் போட்டாச்சு. நான் ரெண்டு கைய விரலோட விரலு கோத்து, இப்படி, கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

மயிலு கேக்கறா, "அப்பத்தா, பாப்பாவுக்கு டிக்?" டிக்குன்னா பட்டையப் பூட்டறது. "பாப்பாவுக்கு அப்பத்தா மடி இருக்குது சாமி. டிக்கெல்லாம் வேண்டாம்"னேன்.

காங்கயம் தாண்டி ஒரு ரவுண்டானா. தூரத்துல காக்கிச் சட்டை தெரிஞ்சதும் சென்னியப்பன் ஒரு கையில ஸ்டீரிங்கு, ஒரு கையில பட்டைய இழுத்து மாட்டறான். அந்தச் சுறுசுறுப்பு வேற ஒரு வேலைலயும் நான் அவங்கிட்டப் பாத்ததில்ல. போலீசுக்காரரு குனிஞ்சு பாத்தாரு. என்ற மடியப் பாத்தாரு.

"ஏனுங்க சார், பெரிய புள்ளைக்கு நாற்காலி வாங்கியிருக்கறீங்க, கைக்கொழந்தைய இப்படி மடியில போட்டுக் கூட்டிட்டு வாரீங்களே? அபராதம் எழுதட்டுங்களா?"

நான் துண்ட மெல்ல வெலக்குனேன். அவரு பாத்தாரு. காயி அவரப் பாத்துச்சு, பொட்டோட.

"ஆத்தா, காய்க்குச் சட்டமில்ல. உங்களுக்கு இருக்குது. பட்டை எங்க?"

"சாமிக்கு வேண்டுதலுங்க."

"சாமி குத்தத்த சாமிகிட்டப் பேசிக்கங்க. இது கெவருமெண்டு குத்தம். மாட்டுங்க."

மாட்டுனேன். மாட்டறப்பச் சன்னல் வழியாப் பாக்கறேன், அவரு பைக்கு நிக்குது, கண்ணாடியில ஹெல்மெட்டு தொங்குது. போலீசுக்காரங்க தலைய மட்டும் இரும்புல பண்ணியிருப்பாங்களாட்டம். வளைவு திரும்புனதும் நான் பட்டையக் கழட்டிட்டேன். சென்னியப்பனும் கழட்டத்தான் போனான். தாரணி திரும்பி ஒரு பார்வ பாத்தா. உட்டுட்டான். பயந்தாங்கொள்ளி.

அப்பறம் தாராவரம் ரோடு. நல்ல ரோடு, வழிச்சு உட்டாப்பல. நான் மயிலுக்கு நாச்சிமுத்து மாமன் கதையச் சொல்லிக்கிட்டு வாரேன், அவன் கதவுல இருந்து உழுந்தும் ஒண்ணும் ஆகலைன்னு. அந்த ரோட்டுல ஆரோ புதுசா ஒரு வேகத்தடை போட்டு வெச்சிருக்கறாங்க. வெள்ளக் கோடு அடிக்கல. முன்னாடி போன வைக்கல் லாரி பட்டுன்னு நின்னுச்சு. இவன் பிரேக்க மிதிச்சான். காரு கிரீச்சுன்னு போயி லாரி முதுகுல முட்டுச்சு. பலமா எல்லாம் இல்ல. மூக்கு நசுங்குச்சு, அவ்வளவுதான்.

நான் உடல கண்ணு. கருப்பராயன் மேல சத்தியமா உடல. விரலோட விரலு கோத்திருந்தேன். உட்டதே எனக்குத் தெரியல. மடியில இருந்துச்சு. அப்பறம் மடியில இல்ல. நடுவுல ஒண்ணுமே இல்ல.

ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல பறந்து போயி, முன்கண்ணாடியில அடிச்சு, செதறிப் போச்சு. கண்ணாடி பூரா விரிசல். காரு பூரா வெதையும் தண்ணியும். நான் சீட்டு முதுகுல போயி மோதி, பல்லு எங்க உழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. முன்னாடி அவனும் அவளும் பட்டையில தொங்கிக்கிட்டு முழிக்கறாங்க. நான் திரும்பிப் பாத்தேன். மயிலு நாற்காலியில இருக்கறா. தலை சித்த முன்னால வந்து நிமுந்துச்சு. மூஞ்சியெல்லாம் பூசணி வெதை. அழவே இல்ல. முன்கண்ணாடியவே பாத்துக்கிட்டுச் சொல்றா,

"அப்பத்தா, பாப்பா ஒடைஞ்சு போச்சு."

...

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், லாரி டிரைவரு. எறங்கி ஓடியாந்தவன், கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்த பூத்துண்டப் பாத்துட்டு "ஐயோ, கைக்கொழந்தை"ன்னு தலையில கைய வெச்சு ரோட்டுலயே உக்காந்துட்டான். "பூசணிக்காயிங்க, பூசணிக்காயி"ன்னு சென்னியப்பன் துண்ட உதறிக் காட்டுனதுக்கப்பறமும் எந்திரிக்க மாட்டேங்கறான். தண்ணி குடுத்துத் தூக்கி உட்டாங்க. ஆம்பளைக்கு இத்தன பயம் ஆகாது.

ஆனா நீ ஒண்ணு கவனிச்சியா கண்ணு? கோயில் வாசல்ல ஒடைக்க வேண்டிய காயி வழியிலயே ஒடைஞ்சுது. திருஷ்டி அத்தனையும் அது வாங்கிக்கிச்சு. அந்தக் காய மடியில வெச்சது ஆரு? நான். அப்ப குடும்பத்தக் காப்பாத்துனது ஆரு? ஒருத்தராச்சும் சொன்னாங்களா? பாக்க வந்த ஒறம்பரை சொந்தமெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில எங்கிட்டக் குடுத்துட்டு நேராப் போயி அந்த நாற்காலியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. "எந்தக் கடையில வாங்குனீங்க?"ன்னு கேக்கறாங்க. என்னைய ஆரும் எந்தக் கடைன்னு கேக்கல.

அந்த நாற்காலியும் இப்ப இல்ல. ஒருக்கா இடி வாங்குனா மறுபடி அது ஆகாதாம், புதுசு மாத்திட்டாங்க. நானுந்தான் இடி வாங்குனேன். என்னைய மாத்துனாங்களா? கட்டுப் போட்டு அதே எடத்துல உக்கார வெச்சிருக்கறாங்க.

கெடாயா? அது ஒரு சேதாரமில்லாமப் போயிச் சேந்துருச்சு. கட்டுன கட்டு அப்படி! நாங்க வராததுனால பொழச்சுக்கிச்சு, பூசாரி தோட்டத்துல மேயுதாம், கொழுத்துப் போச்சாம்.

தாரணி இருக்கறாளே, அவள என்ன சொல்றது. ஒண்ணரை மாசமா எனக்குத் தலை சீவி உடறா, சோத்தக் கொழைச்சு ஊட்டி உடறா. அந்தப் பந்தயத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. "பாத்தீங்களாத்தை?"ன்னு ஒருக்காச் சொல்லியிருந்தா நான் நல்லாச் சண்டை போட்டிருப்பேன். பதிலெல்லாம் தயாரா வெச்சிருக்கறேன். சொல்லவே மாட்டேங்கறா. இப்படி ஒரு அழுத்தக்காரிய நீ பாத்திருக்கறயா?

அடுத்த மாசம் மறுபடி மொட்டைக்கு நாள் பாத்திருக்கறாங்க. வேண்டுதல் வழியிலயே நெறவேறிருச்சுன்னு பூசாரி சொல்லிட்டாரு. இந்தத் தடவ என்ற மடிக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். கை வலி, வேற ஒண்ணும் இல்ல. காயி டிக்கியில வரட்டும். பட்டையும் போட்டுக்கறேன். எனக்கென்ன ஆசையா? மயிலு உட மாட்டேங்கறா. நான் மாட்டற வரைக்கும் "அப்பத்தா டிக், அப்பத்தா டிக்"குன்னு கத்தறா. காருக்குக் காது குத்தலாம், இவளுக்குக் குத்த முடியல.

நான் ஒண்ணு கேக்கறேன், நீயே சொல்லு. பூசணிக்காயி வழவழன்னு இருக்கும். அதனால நழுவுச்சு. புள்ளையா இருந்திருந்தா கையி இருக்குது, காலு இருக்குது, என்னையக் கட்டிப் புடிச்சிருக்கும். நழுவியிருக்குமா? நழுவியிருக்காதல்லோ?



புள்ளைய எதுக்கு அப்படி இறுக்கிப் புடிக்கறே? இவத்த வண்டி ஒண்ணும் ஓடலையே.

அதா, உன்ற மாமியா வாராங்க. கெளம்பறயா? எந்த ஊரு? அவிநாசியா? அவத்த வரைக்கும் புள்ளைய எங்க வெச்சுட்டுப் போவே? முன்சீட்டுலயா? மடியிலயா?

நில்லு. நில்லு கண்ணு, சித்த உக்காரு. எங்கூடு போற வழியிலதான். தாரணி இதா வந்துருவா, எங்க காருக்குப் பின்னாலயே மெதுவா வரச் சொல்லு உன்ற ஊட்டுக்காரர. நீ பின்சீட்டுல உக்காந்துக்க, பட்டையப் போட்டுக்க. எங்கூட்டுல அந்தச் சின்னத் தொட்டி கெடக்குதுன்னு சொன்னனல்லோ? எட்டு மாசத்துக்குச் சரியா இருக்கும். வெங்காயத்தக் கொட்டிட்டுத் தாரேன். எப்படிப் பூட்டறதுன்னு தாரணி சொல்லிக் குடுப்பா. எனக்கு அதுமேல நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் கெடையாது. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது, அதுக்குத்தான்.

உன்ற மாமியா ஏதாச்சும் சொல்லுவாங்க. மடி இருக்கறப்ப நாற்காலி எதுக்குன்னு கேப்பாங்க. கேட்டா எங்கிட்டக் கூட்டிட்டு வா, நான் பேசிக்கறேன். பல்லு ரெண்டுதான் போயிருக்குது, வாயி இருக்குது.

வெங்காய நாத்தம் ஒண்ணும் பண்ணாது கண்ணு. ஒரு நா வெயில்ல வெச்சாப் போயிரும்.